40 சதவீதச் சுமையில் 500 மெகாவாட் அனல்மின் அலகு: நிலையாக இறக்கி, அங்கே நிற்கவைத்து, ஏற்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் இன்று ஓடிக்கொண்டிருக்கும் நிலக்கரி அனல்மின் அலகுகளில் பெரும்பாலானவை, ஆண்டு முழுவதும் முழுச் சுமையை ஒட்டியே ஓடும் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்டவை. மின்கட்டமைப்பு இப்போது அவற்றிடம் கேட்பது வேறு. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது அனல்மின் அலகு ஒதுங்கி வழிவிட வேண்டும். பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கெரியத் தொடங்கும் நேரத்தில் அதே அலகு விரைந்து ஏறி வர வேண்டும். தமிழ்நாட்டில் இதோடு மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுப் பருவமும் சேர்ந்துகொள்கிறது. முப்பந்தல், கயத்தாறு பகுதிக் காற்றாலைகள் முழுவீச்சில் சுற்றும் நாட்களில் இந்த இறக்கமும் ஏற்றமும் ஒரே நாளில் பலமுறை வரக்கூடும்.

மத்திய மின்சார ஆணையம் 2023 ஜனவரியில் அறிவித்த நெகிழ்வு இயக்க ஒழுங்குமுறைகள், எல்லா நிலக்கரி அலகுகளும் ஓராண்டுக்குள் 55 சதவீதச் சுமை வரை இறங்கும் திறனைப் பெற வேண்டும் என்றும், பின்னர் கட்டம் கட்டமாக 40 சதவீதத்தை எட்ட வேண்டும் என்றும் கூறுகின்றன. சுமை மாற்ற வேகத்தையும் அவை வரையறுக்கின்றன: 70 முதல் 100 சதவீதம் வரை நிமிடத்துக்குக் குறைந்தது 3 சதவீதம், 55 முதல் 70 வரை 2 சதவீதம், 40 முதல் 55 வரை 1 சதவீதம். 500 மெகாவாட் அலகுக்கு இதைக் கணக்கிட்டால், 200 மெகாவாட்டிலிருந்து 275-க்கு வர 15 நிமிடம், அங்கிருந்து 350-க்கு ஏழரை நிமிடம், அதற்குமேல் 500-க்கு 10 நிமிடம், ஆக மொத்தம் முப்பத்திரண்டரை நிமிடத்தில் அலகு முழுச் சுமையைத் தொட வேண்டும். முன்பு நிதானமாகச் செய்த வேலை இப்போது அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டிய அளவுக்குள் அடங்கிவிட்டது.

இது நடக்காத காரியம் அல்ல. உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி நிலையத்தில் 490 மெகாவாட் திறனுள்ள 6-ஆம் அலகு, 2018 ஜூனில் இந்திய-ஜெர்மன் ஒத்துழைப்புடன் நடந்த சோதனையில் 40 சதவீதம் வரை இறக்கி ஓட்டிக் காட்டப்பட்டது. ஜெர்மனியின் பெக்ஸ்பாக் நிலையம், நிலக்கரியைத் தூளாக அரைக்கும் மில்களில் ஒரே ஒரு மில்லை மட்டும் வைத்து எரிக்கும் முறைக்கு மாறி, தன் 721 மெகாவாட் அலகின் குறைந்தபட்சச் சுமையை 170 மெகாவாட்டிலிருந்து 90 மெகாவாட்டாகக் குறைத்தது. ஆனால் அங்கே எரிவது சாம்பல் குறைந்த நிலக்கரி. 35 முதல் 45 சதவீதம் வரை சாம்பல் கொண்ட நம் நிலக்கரியை வைத்துக்கொண்டு அந்த எண்ணை அப்படியே இலக்காக வைப்பது ஆபத்தானது.

இந்த வழிகாட்டி, நான்கு மூலைகளிலிருந்தும் எரிக்கும் டிரம் வகைக் கொதிகலனும் (நீராவியும் நீரும் பிரியும் தடித்த உருளையே டிரம்) கே.டபிள்யூ.யு. எனப்படும் ஜெர்மன் வடிவமைப்பு டர்பைனும் கொண்ட 500 மெகாவாட் அலகை மனதில் வைத்து எழுதப்பட்டுள்ளது. வல்லூரிலும் தூத்துக்குடியின் என்.டி.பி.எல். (என்.எல்.சி. தமிழ்நாடு பவர் லிமிடெட்) நிலையத்திலும் உள்ள அலகுகள் இந்த அளவினவே. அடிப்படையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஓர் அலகு எவ்வளவு கீழே இறங்கும் என்பதைப் பெயர்ப்பலகை சொல்லாது. அன்றைய நிலக்கரி, மில்களின் உடல்நிலை, தானியங்கிக் கட்டுப்பாட்டு வளையங்களின் (கண்ட்ரோல் லூப்) நிதானம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே ஒவ்வோர் அலகும் தன் எல்லையைத் தானே சோதித்து அறிய வேண்டும். பக்கத்து அலகு இறங்கியது என்பதற்காக இந்த அலகும் இறங்கிவிடாது.

படி 1: இறக்குவதற்கு முன் அலகை அளந்து பாருங்கள்

குறைந்த சுமையில் தொல்லை தரும் பல குறைகள் முழுச் சுமையில் கண்ணுக்கே தெரிவதில்லை. முதலில் பார்க்க வேண்டியவை ஓட்டமானிகள். அழுத்த வேறுபாட்டை வைத்து ஓட்டத்தை அளக்கும் கருவியில், ஓட்டம் 40 சதவீதமாகக் குறையும்போது அழுத்த வேறுபாடு 16 சதவீதமாகச் சுருங்கிவிடும். முழுச் சுமையில் பொருட்படுத்தத் தேவையில்லாத பூஜ்யப் பிழை, இங்கே நீர் ஓட்டத்தையும் நீராவி ஓட்டத்தையும் கணிசமாகத் தவறாகக் காட்டும். டிரம்மின் நீர்மட்டத்தைக் காக்கும் டிரம் லெவல் கண்ட்ரோல் அந்தத் தவறான எண்களை நம்பித்தான் வேலை செய்கிறது. எனவே உணவுநீர் (கொதிகலனுக்கு ஊட்டும் நீர்), நீராவி, மில்லுக்குப் போகும் காற்று ஆகிய மூன்றின் டிரான்ஸ்மிட்டர்களையும் கீழ்நிலை வரம்பில் புதிதாக அளவீடு செய்யாமல் சோதனைக்குப் போகவே கூடாது.

அடுத்தது, காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் மடிப்புக் கதவுகளான டேம்பர்கள். கட்டுப்பாட்டு அறைத் திரையில் 20 சதவீதம் என்று காட்டும் டேம்பர், களத்தில் உண்மையில் எந்த நிலையில் நிற்கிறது என்பதை ஒவ்வொரு மூலையிலும் ஏறிப்போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மூலையின் காற்று டேம்பர் திறந்தபடியே சிக்கியிருந்தால், முழுச் சுமையில் உலை நடுவே சுழலும் தீப்பந்து சற்றே ஒதுங்கி எரியும், அவ்வளவுதான். 40 சதவீதத்தில் அதே மூலையில் தீ அணைந்துவிடலாம். இரண்டாம் நிலைக் காற்று டேம்பர்கள் அனைத்தும் ஆட்டோவில் சீராக அசைகின்றனவா, தீ எரிகிறதா என்று கண்காணிக்கும் ஃபிளேம் ஸ்கேனர்களின் லென்சுகள் சுத்தமாக உள்ளனவா, அவற்றுக்கான குளிர்காற்று வருகிறதா என்பவற்றையும் இதே சுற்றில் முடித்துவிடலாம்.

தீயைத் தாங்க எண்ணெய் பீச்சி எரிக்கும் ஆயில் கன்களை ஒவ்வொன்றாக எரியவிட்டுச் சோதிப்பது கட்டாயம். பன்னிரண்டு கன்கள் தயார் என்று திரை காட்டுவது ஒன்று; அழைத்த நொடியில் அவை பற்றிக்கொள்வது வேறொன்று. தீ தள்ளாடும் நேரத்தில் உயிர்காப்பவை அவைதாம்.

மில்களைப் பொறுத்தவரை இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, அரைத்த நிலக்கரியின் நுண்மை: 200 மெஷ் சல்லடையில் சுமார் 70 சதவீதம் விழ வேண்டும், 50 மெஷ் சல்லடையில் மிக மிகக் குறைவாகவே தங்க வேண்டும். மற்றொன்று, ஒரே மில்லிலிருந்து நான்கு மூலைகளுக்கும் போகும் குழாய்களில் நிலக்கரி சமமாகப் பிரிகிறதா என்பது. இரண்டாவது சோதனை நேரம் எடுப்பது என்பதால் பல நிலையங்கள் அதைத் தள்ளிப்போடுகின்றன. என் பார்வையில் இந்த முழு வழிகாட்டியிலும் செலவுக்கு மிஞ்சிய பலன் தருவது அந்த ஒரு சோதனைதான்.

படி 2: நிலக்கரியை முடிவு செய்யுங்கள்

தீ நிலையாக நிற்குமா என்பதை முதலில் தீர்மானிப்பது நிலக்கரியின் ஆவியாகும் பொருள். அடுத்து சாம்பல், ஈரம், நுண்மை. குறைந்த சுமைக்கு இறங்கும் நேரம் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். நண்பகலில் 200 மெகாவாட் எதிர்பார்க்கப்படுகிறது என்றால், அப்போது ஓடப்போகும் மூன்று மில்களின் பங்கர்களில் (நிலக்கரித் தொட்டிகளில்) காலையிலேயே நல்ல நிலக்கரியை நிரப்பி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த நிலக்கரி, அதை மில்லுக்குள் அளந்து தள்ளும் ஃபீடருக்கு மேலேயே அடைத்துக்கொள்வதால், இந்த ஏற்பாட்டில் நிலக்கரி கையாளும் பிரிவினரும் பொறுப்பாளிகளே. கட்டுப்பாட்டு அறைக்கும் அவர்களுக்கும் இடையே தினமும் ஓர் உரையாடல் இல்லாமல் குறைந்த சுமை இயக்கம் நடக்காது.

கடலோர நிலையங்கள் கலக்கும் இந்தோனேசிய நிலக்கரி எளிதில் பற்றும். தீயின் நிலைத்தன்மைக்கு அது நல்லது. ஆனால் அதே குணம் மில்லுக்குள் தீப்பிடிக்கவும் வழி செய்யும். உள்நாட்டு நிலக்கரிக்கு மில் வெளியேற்ற வெப்பநிலையை 80 டிகிரி செல்சியசுக்கு மேல் வைத்து ஓட்டும் பழக்கத்தில், கலப்பு மாறிய நாளிலும் அதே எண்ணை விட்டுவைக்கக் கூடாது. கலப்பின் விகிதத்துக்கேற்ப அதைக் குறைத்து வைக்க வேண்டும்.

படி 3: மில்களைத் தேர்ந்தெடுங்கள்

இதுவே முழு வேலையின் மையம். 200 மெகாவாட்டுக்கு, நிலக்கரியின் வெப்ப மதிப்பைப் பொறுத்து, மணிக்கு ஏறத்தாழ 140 முதல் 150 டன் நிலக்கரி தேவைப்படும். இதை நான்கு மில்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 35 டன்னை ஒட்டி வரும். மூன்று மில்களுக்குப் பகிர்ந்தால் 48 டன்.

நான்கு மில்கள் ஓடினால் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் நிலைமை அவ்வளவு எளிதல்ல. மில்லுக்குள் போகும் முதன்மைக் காற்றை ஓர் அளவுக்குக் கீழே குறைக்க முடியாது. குறைத்தால் குழாயில் வேகம் விழுந்து, நொடிக்கு 15 முதல் 18 மீட்டருக்குக் கீழே போனதும் நிலக்கரித் தூள் குழாயின் அடியில் படியத் தொடங்கும். காற்று குறையாமல் நிலக்கரி மட்டும் குறையும்போது தூளின் செறிவு நீர்த்துப்போகிறது. முழுத் திறனில் ஒரு டன் நிலக்கரிக்கு ஏறத்தாழ 2 டன் காற்று என்றிருந்த விகிதம், மில் பாதித் திறனுக்கு இறங்கும்போது 3 டன்னை நெருங்கும். அந்தக் கலவை பர்னர் வாயில் பற்றாமல், உலைக்குள் சற்றுத் தள்ளிப்போய்ப் பற்றும். ஸ்கேனர் தீயை இழப்பது அங்கேதான்.

எனவே மூன்று மில்கள், அடுத்தடுத்த நிலைகளில், ஒவ்வொன்றும் நல்ல சுமையுடன் என்பதே பின்பற்ற வேண்டிய முறை. ஒவ்வொரு மில்லும் உலையின் ஓர் உயர நிலையில் உள்ள பர்னர்களுக்கு ஊட்டுகிறது; அதனால் அடுத்தடுத்த நிலைகள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பி, சி, டி மூன்றும் ஓடினால் ஒன்றின் தீ மற்றொன்றைத் தாங்கும். ஏ, சி, இ என்று இடைவெளி விட்டு ஓட்டினால் மூன்றும் தனித்தனித் தீயாக நின்று தள்ளாடும். நீராவி வெப்பநிலை மிகவும் விழும் அலகுகளில் சற்று மேல்நிலை மில்களைத் தேர்ந்தெடுக்கலாம். கீழ்நிலை மில்கள் தீயின் நிலைத்தன்மைக்கு உதவும். இந்த இரண்டுக்கும் இடையில் எது வேண்டும் என்பதைச் சோதனை சொல்லும்.

மூன்று மில்களின் பலவீனம் ஒன்று: அதில் ஒன்று டிரிப் ஆனால் (திடீரெனத் தானே நின்றால்) வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நொடியில் போய்விடும். இதற்காக நான்காவது மில்லைச் சூடேற்றி, பங்கர் நிரம்பிய நிலையில் தயாராக வைக்க வேண்டும். மில் டிரிப் ஆனவுடன் அதனை ஒட்டிய நிலையின் ஆயில் கன்கள் தானாக எரியும்படி லாஜிக் எழுதி, அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதித்தும் வைக்க வேண்டும்.

ஓடாத நிலைகளின் காற்று டேம்பர்களை, பர்னர் முனை எரிந்துபோகாத அளவுக்கு மட்டும் காற்று விட்டு, மற்றபடி மூடிவிட வேண்டும். ஓடும் நிலைகளில் காற்றுப் பெட்டிக்கும் உலைக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டைக் காப்பாற்ற இதுதான் வழி. அந்த வேறுபாடு சரிந்தால் காற்று உந்துவிசை இல்லாமல் சோம்பலாக நுழையும், தீப்பந்து சுழலாது.

படி 4: படிப்படியாகச் சோதியுங்கள்

முதல் நாளே 200 மெகாவாட்டுக்குப் போவது தவறு. 350, 300, 275 என்று இறங்கி, அதன்பின் 250, 225, 200 என்று ஒவ்வொரு படியிலும் உலையும் உலோக வெப்பநிலைகளும் நிலைகொள்ளும் வரை அதே சுமையில் சில மணி நேரம் ஓட்ட வேண்டும். நல்ல நிலக்கரியில் ஒருமுறை, சுமாரான நிலக்கரியில் ஒருமுறை என்று இரண்டு வகையிலும் செய்யாத சோதனை முழுமையானதல்ல. மோசமான நிலக்கரியில் நிற்கும் எண்தான் அலகின் உண்மையான குறைந்தபட்சச் சுமை.

ஒவ்வொரு படியிலும் ஒருவர் உலையின் பார்வைத் துளையருகே நின்று தீயைப் பார்த்துக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நிலையான தீ பர்னர் முனைக்கு அருகிலேயே பளிச்சென்ற மஞ்சளாகத் தொடங்கும். நிலைகுலையும் தீயில் முனைக்கும் சுடருக்கும் இடையே கறுத்த இடைவெளி நீண்டு, சுடர் உள்வாங்கி வெளியே வந்து துடிக்கும். அதே நேரத்தில் திரையில் உலை அழுத்தத்தின் கோடு வழக்கத்தைவிட அகலமாக ஆடத் தொடங்கும். இந்த ஆட்டம் ஸ்கேனரின் எச்சரிக்கைக்கு முன்பே வருகிறது என்பதால், அனுபவமுள்ள டெஸ்க் என்ஜினியர்கள் உலை அழுத்தக் கோட்டின் மீது ஒரு கண் வைத்தபடியே இருப்பார்கள். ஆட்டம் கூடினால் அங்கேயே இறக்கத்தை நிறுத்தி, தேவையானால் கன்களை எரியவிட வேண்டும்.

ஆனால் ஒரு கட்டாய எச்சரிக்கை உண்டு. தீ ஏற்கனவே அணைந்துபோன உலையில் கன்னை எரியவிடுவது வெடிப்புக்கு அழைப்பு. எரியாத தூள் உலையில் நிறைந்திருக்கும்போது அது பற்றிக்கொண்டால் உலைச் சுவரே கிழியும். தீ அணைந்தால் எரிபொருளை நிறுத்தும் ஃபிளேம் ஃபெயிலியர் பாதுகாப்பைச் சோதனைக்காக பைபாஸ் செய்யும் (செயலற்றதாக்கும்) யோசனையை யார் சொன்னாலும் ஏற்கக் கூடாது. பாதுகாப்பு அடிக்கடி தவறாகச் செயல்பட்டால் சரிசெய்ய வேண்டியது ஸ்கேனரை. பைபாஸ் ஒரு தீர்வே அல்ல.

படி 5: நீர்ப் பக்கத்தைத் தயார் செய்தபடி இறக்குங்கள்

சுமை 300 மெகாவாட்டுக்குக் கீழே வரும்போது நீர்ப் பக்கத்தில் பல மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரே நேரத்தில் இரண்டை நடக்க விடாமல் பார்த்துக்கொள்வதே இங்கே கலை.

உணவுநீர் பம்புகளை ஓட்டும் சிறிய டர்பைன்களுக்கு வழக்கமாகப் பிரதான டர்பைனிலிருந்து எடுக்கும் நீராவி வருகிறது. சுமை குறையும்போது அந்த நீராவியின் அழுத்தம் போதாமல் போய், கோல்டு ரீஹீட் வழிக்கோ (மீண்டும் சூடேறக் கொதிகலனுக்குத் திரும்பும் நீராவியின் குழாய்) துணை நீராவி வழிக்கோ மாற வேண்டும். வடிநீர் தேங்கிய குழாயில் இந்த மாற்றம் நடந்தால் பம்பின் வேகம் ஒரு கணம் தடுமாறும். டிரம் லெவல் உடனே பின்தொடரும். எனவே மாற்று வழியை முன்கூட்டியே சூடேற்றி, வடித்து வைக்க வேண்டும். நீரில் கரைந்த வாயுக்களை நீக்கும் டியரேட்டருக்கான நீராவிக்கும் இதுவே பொருந்தும். அதைத் தவறவிட்டால் நீரில் கரைந்த ஆக்சிஜன் கூடும்.

பம்பின் வழியாகப் போகும் நீர் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால், பம்பைக் காக்க நீரில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும் மறுசுழற்சி வால்வு திறக்கும். பழைய அலகுகளில் இந்த வால்வு முழுதாகத் திறக்கும் அல்லது முழுதாக மூடும், நடுநிலை கிடையாது. அது சட்டெனத் திறக்கும் கணத்தில் கொதிகலனுக்குப் போகும் நீர் குறைந்து, டிரம் லெவல் சரிந்து, டிரிப் வரை போன சம்பவங்கள் இத்துறையில் எல்லோரும் அறிந்தவை. நெகிழ்வு இயக்கத்துக்காகச் செலவிட வேண்டிய முதல் கருவி எது என்று கேட்டால், படிப்படியாகத் திறக்கும் வகை மறுசுழற்சி வால்வைத்தான் சொல்வேன்.

200 மெகாவாட்டுக்கு ஒரு பம்பே போதும். இரண்டாவதை நிறுத்தலாமா? இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் நீடிக்கும் நண்பகல் இறக்கத்துக்கு, இரண்டாவது பம்பை மறுசுழற்சியில் குறைந்த வேகத்தில் சுற்றவிட்டு வைப்பதே நல்லது. அதற்காகும் நீராவிச் செலவு, ஒரே பம்ப் டிரிப் ஆகி அலகே நிற்பதோடு ஒப்பிட்டால் சிறியது. காற்றுப் பருவத்தில் இரவு முழுதும் கீழே நிற்க வேண்டியிருந்தால் மட்டும் இரண்டாவதை நிறுத்தி, மோட்டார் பம்பைத் தானியங்கித் தயார் நிலையில் வைக்கலாம்.

உயர் அழுத்த ஹீட்டர்களின் வடிநீரும் கவனிக்க வேண்டியது. முழுச் சுமையில் அது தன் அழுத்தத்தாலேயே டியரேட்டருக்கு ஏறிவிடும். குறைந்த சுமையில் அந்த அழுத்தம் போதாமல் மாற்று வடிகால் வழியாகப் போக வேண்டும். அந்த வால்வு ஒட்டிக்கொண்டிருந்தால் ஹீட்டர் லெவல் ஏறி ஹீட்டரே வெளியேறும்.

காற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு. மில்லை நிறுத்தி அதன் டேம்பர்களை வேகமாக மூடினால், மில்களுக்கு முதன்மைக் காற்றைத் தள்ளும் பி.ஏ. ஃபேன்களின் காற்று போக வழியின்றி ஹெட்டர் (பொதுக் குழாய்) அழுத்தம் ஏறி, இரண்டில் ஒரு ஃபேன் ஸ்டால் ஆகும், அதாவது காற்றைத் தள்ள முடியாமல் திணறும். மில்கள் குறையக் குறைய ஹெட்டர் அழுத்தத்தின் செட் பாயிண்டையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

படி 6: நீராவியின் அழுத்தமும் வெப்பநிலையும்

குறைந்த சுமையில் அழுத்தத்தை மாறாமல் வைத்து கண்ட்ரோல் வால்வுகளை நெரிப்பதைவிட, சுமையோடு அழுத்தத்தையும் இறங்கவிடும் ஸ்லைடிங் முறையே ஏற்றது. நெரிப்பினால் ஏற்படும் இழப்பு குறையும், பம்பின் மின்செலவு குறையும், டர்பைனின் முதல் கட்ட உலோகம் அதிகம் குளிராது.

ஆனால் இதற்கான விலையை டிரம் கொடுக்கிறது. டிரம்மில் 180 பார் அழுத்தத்தில் நீர் 357 டிகிரியில் கொதிக்கிறது. 100 பாரில் 311 டிகிரியில். ஒவ்வொரு இறக்கத்திலும் தடித்த டிரம் சுவர் 46 டிகிரி குளிர்ந்து, ஒவ்வொரு ஏற்றத்திலும் அதே அளவு சூடாகிறது. ஒரு நாளைக்கு இருமுறை என்றால் ஆண்டுக்கு எழுநூறு சுழற்சிகளுக்கு மேல். டிரம்மின் மேல், கீழ் உலோக வெப்பநிலைகளின் வேறுபாடு உற்பத்தியாளர் சொன்ன வரம்புக்குள் இருக்கிறதா என்பதே இறக்க வேகத்துக்கான கடிவாளம். எல்லையை ஒட்டி வந்தால், கட்டமைப்பு என்ன கேட்டாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

வெப்பநிலையில், மறுபடி சூடேற்றப்படும் ரீஹீட் நீராவியினுடையதுதான் முதலில் விழும். 540 டிகிரியில் நிற்க வேண்டியது 500-ஐ நோக்கி இறங்கும். பர்னர்களை மேல்நோக்கிச் சாய்த்தால் ஓரளவு மீட்கலாம், ஆனால் தீ தள்ளாடும் நேரத்தில் சாய்வை விளிம்பு வரை கொண்டுபோவது நல்லதல்ல. மெதுவாக விழும் வெப்பநிலை பெரிய தீங்கு செய்யாது. வேகமாக விழுவதுதான் டர்பைன் உலோகத்தைத் தாக்கும். ஆகவே குறைந்த சுமையில் 520 டிகிரி போன்ற ஓர் எண்ணில் நிலையாக நிற்பது, 540-ஐப் பிடிக்கப் போராடி மேலும் கீழும் ஆடுவதைவிட மேலானது.

நீராவியின் சூட்டைக் குறைக்க நீர் தெளிக்கும் ஸ்ப்ரே விஷயத்தில் அதிகக் கவனம் வேண்டும். நீராவி ஓட்டம் குறைந்த நிலையில் தெளிக்கும் நீர் முழுதும் ஆவியாகாமல், சொட்டாகவே போய்ச் சூடான குழாய்ச் சுவரில் விழும். அங்கே தொடங்கும் விரிசல் சில ஆண்டுகள் கழித்தே கசிவாக வெளிவரும். ஸ்ப்ரேவுக்குப் பின்னான நீராவி வெப்பநிலை, அந்த அழுத்தத்தின் கொதிநிலையைவிடக் குறைந்தது 15 முதல் 20 டிகிரி மேலே இருக்கும்படி லாஜிக்கிலேயே தடை போட்டுவிட வேண்டும். மூடியிருந்தும் கசியும் ஸ்ப்ரே வால்வுகளை அடுத்த நிறுத்தத்திலேயே மாற்றிவிட வேண்டும்.

படி 7: கீழே நிற்கும் நேரத்தில் செய்ய வேண்டியவையும் கூடாதவையும்

200 மெகாவாட்டில் நிலைகொண்டபின் அலகைச் சீண்டக் கூடாது. உலைச் சுவரில் படியும் சாம்பலை நீக்கும் சூட் புளோயர்களை இயக்குவது, அடிச் சாம்பல் ஹாப்பரைத் திறப்பது, மில் மாற்றுவது ஆகியவற்றை இறக்கத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். ஹாப்பர் வழியே நுழையும் குளிர்காற்று தீப்பந்தின் அடியையே தாக்குகிறது. புகையின் சூட்டால் காற்றைச் சூடேற்றும் ஏர் ப்ரீஹீட்டரின் சூட் புளோயிங் மட்டும் விதிவிலக்கு. அதிலும் ஆயில் எரிந்துகொண்டிருந்தால் அதைத் தொடர்ந்து செய்தாக வேண்டும். எரியாத எண்ணெய்ப் படலம் அங்கே சேர்ந்து தீப்பிடிப்பது அனல்மின் துறை நன்கறிந்த விபத்து.

ப்ரீஹீட்டரை விட்டு வெளியேறும் புகையின் வெப்பநிலை 110 டிகிரியை ஒட்டி இறங்கினால், அமிலம் படிந்து குளிர்முனை அரிக்கும். உள்நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பதால் இந்த ஆபத்து மட்டுப்பட்டே இருக்கிறது; கந்தகம் கூடிய கலப்பு எரியும் நாட்களில் நீராவியால் காற்றைச் சூடேற்றும் சுருளைச் சேவையில் எடுக்க வேண்டும்.

டர்பைன் 40 சதவீதத்தில் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. டர்பைன் தண்டின் இடைவெளிகளை அடைக்கும் சீல் நீராவி தன்னிறைவை இழந்து வெளி நீராவியை நாடும். அந்த நீராவியின் வெப்பநிலை பொருந்துகிறதா என்று பாருங்கள். கடைசிக் கட்டப் பிளேடுகளுக்கான உண்மையான ஆபத்து இதைவிடக் கீழே, வெற்றிடமும் மோசமாக இருக்கும்போதுதான் வருகிறது. ஜெனரேட்டரை மறக்கக் கூடாது. காற்றும் சூரியனும் நிறைந்து சுமை குறைந்த நேரத்தில் கட்டமைப்பின் மின்னழுத்தம் ஏறும். அலகை ரியாக்டிவ் மின்சாரத்தை உறிஞ்சச் சொல்வார்கள். அது ஸ்டேட்டர் முனைப் பகுதியைச் சூடாக்கும், அலகின் சொந்த பஸ் மின்னழுத்தத்தையும் இழுத்துவிடும். ஜெனரேட்டரின் திறன் வரைபடத்தின் எல்லையைத் திரையிலேயே வரைந்து வையுங்கள்.

படி 8: மாலை ஏற்றம்

ஏற்றத்தில் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் மில்தான். நிலக்கரி கூடினாலும் அது அரைபட்டு, எரிந்து, நீராவியாக மாறச் சில நிமிடங்கள் ஆகும். மூன்று மில்களை முழுத் திறனுக்கு ஏற்றி முடித்தபின் நான்காவதைத் தொடங்கலாம் என்று காத்திருந்தால், நிமிடத்துக்கு 2 சதவீதம் கிடைக்காது. ஏற்றத்துக்கான அறிவிப்பு வந்தவுடனே, 15 நிமிடக் கால அட்டவணையின் அடுத்த பிளாக் தொடங்குவதற்கு முன்பாகவே, நான்காவது மில்லில் நிலக்கரி விழத் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டாவது பம்பை 300 மெகாவாட்டை எட்டுவதற்கு முன்பே சுமையில் சேர்த்துவிட வேண்டும்.

இங்கே டிரம் லெவலின் வீக்கம் ஏமாற்றும். எரிப்பு கூடும்போது நீரில் குமிழிகள் பெருகி லெவல் ஏறியதுபோல் தெரியும். அதைப் பார்த்து நீரைக் குறைத்தால், சற்று நேரத்தில் லெவல் வேகமாகச் சரியும். கையால் ஓட்டும் எவரும் இந்த வேகத்தில் எல்லாக் கட்டுப்பாட்டு வளையங்களையும் ஒருசேரப் பிடிக்க முடியாது. அழுத்தம், எரிபொருள், காற்று, லெவல், வெப்பநிலை ஆகிய வளையங்கள் 40 முதல் 100 சதவீதம் வரை முழுதும் ஆட்டோவில், கொதிகலனையும் டர்பைனையும் ஒருங்கிணைக்கும் கோஆர்டினேட்டட் கண்ட்ரோலின் கீழ் ஓட வேண்டும். முழுச் சுமைக்கு ட்யூன் செய்த எண்கள் குறைந்த சுமையில் பொருந்தாது. சுமைக்கேற்ப மாறும் எண்கள் வேண்டும். புதிய பர்னர், புதிய ஸ்கேனர் என்று பெரும் செலவுக்குப் போவதற்கு முன் இந்த ட்யூனிங்கை முடிப்பதே சரியான வரிசை.

சூப்பர்கிரிட்டிகல் அலகுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு

660, 800 மெகாவாட் சூப்பர்கிரிட்டிகல் அலகுகளில் (மிக உயர் அழுத்தத்தில் இயங்குபவை) டிரம் இல்லை என்பதால் அந்தச் சுவர் சிக்கல் இல்லை. பதிலாக, ஏறத்தாழ 30 சதவீதச் சுமையை ஒட்டிக் கொதிகலன் உலர்நிலையிலிருந்து ஈரநிலைக்கு மாறும் ஓர் எல்லை இருக்கிறது. 40 சதவீதம் அதற்கு மேலேதான். ஆனாலும் வெகு தூரத்தில் இல்லை. அந்த எல்லையில் ஊசலாடும்படி அலகை ஒருபோதும் விடக் கூடாது.

படி 9: செலவையும் தேய்மானத்தையும் பதிவு செய்யுங்கள்

குறைந்த சுமையில் வினைத்திறன் குறையும் என்பதை ஒழுங்குமுறையும் ஏற்கிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் கொண்டுவந்த ஈட்டு முறைப்படி, சப்கிரிட்டிகல் அலகு (டிரம் வகை) 55 முதல் 65 சதவீதச் சுமையில் ஓடும்போது வெப்ப வீதத்தில் (ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் செலவாகும் வெப்பம்) கூடுதலாக 6 சதவீதமும், சொந்த மின்நுகர்வில் கூடுதலாக 1 சதவீதமும் அனுமதிக்கப்பட்டன. சூப்பர்கிரிட்டிகல் அலகுக்கு வெப்ப வீதத்தில் 3 சதவீதம். இந்த ஈட்டைச் சரியாகப் பெறுவதற்கே பிளாக் வாரியான பதிவு வேண்டும்.

தேய்மானம் எந்தக் கணக்கிலும் உடனே வராது. உலோகச் சோர்வு சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் எகானமைசர் நுழைவு ஹெட்டரின் பற்றவைப்பிலோ, சூப்பர்ஹீட்டர் வெளியேற்ற ஹெட்டரின் துளைகளுக்கிடையிலோ, இரு வேறு உலோகங்கள் சேரும் இணைப்பிலோ விரிசலாகத் தெரியும். ஆண்டுப் பராமரிப்பில் இந்த இடங்களோடு ஸ்ப்ரேவின் உள்லைனர், டிரம்மின் டவுன்கமர் நாசில்கள், கடைசிக் கட்டப் பிளேடுகளின் பின்விளிம்பு, ஸ்டேட்டர் முனைச் சுருள்களின் கட்டுகள் ஆகியவற்றையும் சோதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு பக்கப் பதிவு போதும்: எந்த மில்கள், எந்த நிலக்கரி, எட்டிய குறைந்த சுமை, அங்கே நின்ற நேரம், ஆயில் எரிந்ததா, டிரம் உலோக வேறுபாட்டின் உச்சம், வெப்பநிலை விழுந்த அதிகபட்ச வேகம். இந்தப் பக்கங்களை இயக்கப் பிரிவும் கொதிகலன் பராமரிப்புப் பிரிவும் மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். நிலக்கரியின் தரம் மாறியதாலோ ஒரு மில் பழுதில் இருப்பதாலோ 200 மெகாவாட் பாதுகாப்பற்றதாகிவிட்டால், அன்றைக்கு நிற்கக்கூடிய எண்ணைச் சுமை அனுப்பு மையத்துக்கு முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். 225 என்று காலையில் சொல்லி அதில் உறுதியாக நிற்கும் அலகை வைத்து அந்த மையம் திட்டமிட முடியும். 200 என்று ஒப்புக்கொண்டு நண்பகலில் டிரிப் ஆகும் அலகை வைத்து முடியாது.